ஐந்தரை மீட்டர் சேலைக்கு 24 அங்குல இடுப்பு எதற்கு?

2025 ஆகஸ்டில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், ஸாரா ஆடை நிறுவனத்தின் இரண்டு விளம்பரப் படங்களை அதே வடிவில் மறுபடி வெளியிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. படங்களில் இருந்த பெண்கள் உடல்நலத்துக்குக் கேடான அளவுக்கு மெலிந்து தெரிகிறார்கள் என்பது காரணம். இருவரும் நலமாக இருக்கிறார்கள் என்பதற்கு மருத்துவச் சான்றிதழ் உண்டு என்று நிறுவனம் பதில் சொல்லியிருந்தது. சான்றிதழ் பொய் என்று ஆணையம் சொல்லவில்லை. ஆனாலும் படங்களுக்குத் தடை வந்தது.

செய்தியைப் படித்த பலருக்கும் குழப்பம். நலம் என்று மருத்துவரே எழுதிக் கொடுத்த பிறகு தடை எப்படி வந்தது? ஒல்லியாகப் பிறந்தவர் மாடலாகவே கூடாதா? இவ்வளவு மெலிந்த உடலைத்தான் வேண்டும் என்று முதலில் கேட்டது யார்?

சேலத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. பக்கத்து நெசவூரான இளம்பிள்ளையின் சேலைகள் இன்று கடைக்கு வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு படம் வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் உடுத்திக் காட்ட ஒரு பெண் வேண்டும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்கும், நகைக்கடைப் பலகைக்கும், ஏற்காட்டு மூடுபனியில் எடுக்கும் திருமணப் படங்களுக்கும் அப்படியே. "கொஞ்சம் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்ற சொல் இந்த ஊர்ப் பெண்களின் காதிலும் விழுகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 24 அங்குல இடுப்பு என்பது, தைத்த ஆடையை விற்கும் தொழில் தன் செலவையும் வசதியையும் பார்த்து வைத்துக்கொண்ட அளவு. தைக்காத ஆடையை விற்கும் ஊருக்கு அந்த அளவால் பயன் இல்லை, கேடு மட்டும் உண்டு.

மூன்று அளவு, ஓர் உயரம்

ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறவர் மார்பு, இடுப்பு, சீட் எனப்படும் பிட்டப் பகுதி என்று மூன்று சுற்றளவு எடுப்பார். மாடலிங் நிறுவனங்கள் கேட்பதும் அதே மூன்றுதான், கூடவே உயரம். பன்னாட்டு ராம்ப் மேடைகளில் பெண்களுக்கு 5 அடி 8 அங்குலத்துக்குக் குறையாத உயரம், 34 அங்குல மார்பு, 24 அங்குல இடுப்பு, 34 அல்லது 35 அங்குல சீட் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இந்தியப் பெண்ணின் சராசரி உயரமோ 152 சென்டிமீட்டர் அளவில், அதாவது ஐந்து அடியை ஒட்டி இருக்கிறது. தொடக்கத்திலேயே எட்டு அங்குலம் இடிக்கிறது.

மாடலிங் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் மேலே போக முடியாது.

1. ராம்ப் மாடல். வடிவமைப்பாளரின் புதிய ஆடைகளை அணிந்து மேடையில் நடப்பவர். மேலே சொன்ன கறாரான அளவு இவருக்கு உரியது.
2. கேட்லாக் மாடல். விற்பனைக்கு வந்த ஆடையை வாங்குபவருக்குக் காட்டுபவர். ஒரே நாளில் பல உடைகள் மாற்ற வேண்டியிருக்கும்.
3. விளம்பர மாடல். எண்ணெய், வங்கி, நகை, பள்ளிக்கூடம் என்று எதற்கும் தோன்றுபவர். இங்கே அளவைவிட முகபாவத்துக்கே வேலை அதிகம்.
4. ஃபிட் மாடல். பொதுமக்கள் கண்ணில் படாதவர். தொழிற்சாலை தைத்த ஆடை சரியாக உட்காருகிறதா என்று இவர் உடம்பில் போட்டுப் பார்ப்பார்கள். மெலிவு இவருக்குத் தேவையில்லை. இன்றைய அளவு அடுத்த மாதமும் மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.
5. கை, கால், கூந்தல் போன்ற உறுப்பை மட்டும் காட்டும் மாடல். கொலுசு விளம்பரத்தில் வரும் பாதம் இந்த வகை.

கறாரான அளவு முதல் வகைக்கு மட்டுமே உரியது. கேட்லாக்கும் விளம்பரமும் அதைக் கேள்வி கேட்காமல் கடன் வாங்கிக்கொண்டன.

சாம்பிள் என்ற ஒற்றை ஆடை

உயிருள்ள பெண்ணுக்கு ஆடை உடுத்தி வாங்குபவருக்குக் காட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் வேரூன்றியது. சார்லஸ் ஃபிரெடரிக் வர்த் என்ற ஆங்கிலேயத் தையல் வல்லுநர், தான் தைத்த உடைகளை மேரி வெர்னே என்ற பெண்ணுக்கு அணிவித்துக் காட்டினார். பின்னர் அவரையே மணந்தார். அந்தக் காலத்தில் ஆடை உடம்புக்கு ஏற்பத் தைக்கப்பட்டது. ஆயத்த ஆடைத் தொழில் வளர்ந்தபோது வரிசை தலைகீழானது. அது நடந்த விதம்:

1. ஒரு பருவத்துக்கான புதிய ஆடைகளை வடிவமைப்பாளர் முதலில் ஒவ்வொன்றாக மட்டுமே தைக்கிறார். இதுதான் சாம்பிள். வாங்குவார்களா என்று தெரியாத ஆடையைப் பல அளவுகளில் தைத்து வைக்க யாரும் பணம் போட மாட்டார்கள்.
2. அந்த ஒற்றை ஆடை மேடைக்குப் போகிறது, பிறகு இதழ்களின் படப்பிடிப்புக்கு, பிறகு மொத்த வியாபாரிகளின் பார்வைக்கு. போகும் இடமெல்லாம் அதற்குள் நுழையும் உடல் வேண்டும்.
3. ஆகவே மாடலிங் நிறுவனங்கள் அந்த ஆடைக்குள் நுழையும் பெண்களை மட்டும் பதிவு செய்கின்றன.
4. பதிவாகி வரும் பெண்கள் எல்லோரும் ஒரே அளவில் இருப்பதால், வடிவமைப்பாளர் அடுத்த சாம்பிளையும் அதே அளவிலோ இன்னும் சற்றுக் குறைத்தோ தைக்கிறார்.

வடிவமைப்பாளரைக் கேட்டால் இப்படிப்பட்ட பெண்களைத்தான் அனுப்புகிறார்கள் என்பார். நிறுவனத்தைக் கேட்டால் இந்த அளவுக்குத்தான் ஆடை வருகிறது என்பார்கள். இதழாசிரியரைக் கேட்டால் என்னிடம் வந்த ஆடை இதுதான் என்பார். மூவரும் சொல்வது உண்மை. அளவோ ஆண்டுக்கு ஆண்டு இறுகுகிறது, பொறுப்பு யார் தலையிலும் விழுவதில்லை. தீமைகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்த வகைதான், ஏனென்றால் கெட்ட எண்ணமுள்ள ஒரு மனிதர்கூட இல்லாமல் இது நடந்துவிடுகிறது.

வயதும் இதில் சேர்கிறது. லெஸ்லி ஹார்ன்பி என்ற இயற்பெயர் கொண்ட ட்விக்கி 1966இல் லண்டனில் புகழ்பெற்றபோது அவருக்கு 16 வயது. பதினாறில் இயல்பாக மெலிந்திருக்கும் பெண்ணின் உடல் இருபதில் அகல்வதும் இயல்பு. பதினாறு வயது உடம்புக்கு ஏற்ப சாம்பிள் தைத்துவிட்டு, இருபது வயதுப் பெண்ணிடம் அதற்குள் நுழை என்றால், அவள் தன் வளர்ச்சியோடு சண்டை போட வேண்டும். எடை குறை என்ற கட்டளை பெரும்பாலும் இந்த வயதில்தான் வருகிறது.

எல்லோருக்கும் பொருந்தும் அளவைக் கண்டுபிடிக்க அரசுகளும் முயன்றன. அமெரிக்க வேளாண் துறை 1939, 1940 ஆண்டுகளில் சுமார் 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்து ஆராய்ந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 1958இல் வந்த தர அளவு, நடைமுறைக்கு ஒத்துவராமல் 1983இல் கைவிடப்பட்டது. இந்தியாவுக்கென்று தனி அளவு வகுக்க தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர் கொண்டு அளக்கும் திட்டத்தை எடுத்தது. அந்த ஆறில் தமிழ்நாட்டு நகரம் எதுவும் இல்லை.

சேலைக்கு இந்தக் காரணம் எதுவும் பொருந்தாது

மேலே சொன்ன சங்கிலி முழுவதும் ஒரே ஆணியில் தொங்குகிறது: ஆடை தைக்கப்பட்டது, ஆகவே அதற்கு ஓர் அளவு உண்டு. இளம்பிள்ளையில் நெய்யப்படுவதற்கு அந்த ஆணியே கிடையாது. சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஆறேகால் மீட்டரை ஒட்டி வரும். மெலிந்தவர் கட்டினாலும் பருத்தவர் கட்டினாலும் துணி ஒன்றுதான். உள்பாவாடைக்கு நாடா இருக்கிறது. எந்த இடுப்புக்கும் இழுத்துக் கட்டலாம். நெசவாளர் சேலையைக் கரை, முந்தி, உடல் என்று பிரித்துச் சொல்வார். அவர் உடல் என்று சொல்வது துணியின் நடுப்பகுதியை.

பிறகு எப்படி இந்த அளவு சேலைப் படத்துக்குள் வந்தது? இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, ரவிக்கை. சேலைப் படத்தில் தைத்த துணி அது மட்டும்தான். படப்பிடிப்புக்குச் சில நிறங்களில் ரவிக்கை தைத்து வைத்துவிட்டு, வருகிற பெண்களுக்கெல்லாம் அதையே போடச் சொன்னால், அதுவே சாம்பிளாகிவிடுகிறது. தளர்ந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துவிடலாம், இறுகினால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் தைக்கும்போதே சிறிய பெண்ணை நினைத்துக்கொள்கிறார்கள். மற்றது, பழக்கம். ஒளியமைப்பு, நிற்கும் விதம், கேமரா வைக்கும் உயரம் எல்லாம் வெளிநாட்டு ஆடை இதழ்களைப் பார்த்துக் கற்றவை. அவற்றோடு அந்த உடம்பும் வந்துவிட்டது.

இதில் வியாபாரத்துக்கே ஒரு நட்டம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சீட் 34 அங்குலம் உள்ள பெண்ணுக்கும் 42 அங்குலம் உள்ள பெண்ணுக்கும் ஒரு சுற்றுக்கு 8 அங்குல வேறுபாடு, அதாவது சுமார் 20 சென்டிமீட்டர். சேலை கொசுவத்துக்கு முன் ஒரு சுற்றும், பிறகு முந்திக்குப் போகும் வழியில் மறு சுற்றும் வருகிறது. ஆக 40 சென்டிமீட்டர் துணி கூடுதலாகப் போய்விடும். ஐந்து அங்குல அகலத்தில் எடுக்கும் ஒரு கொசுவ மடிப்புக்கு 25 சென்டிமீட்டர் வேண்டும். அப்படியானால் படத்தில் கண்ட கொசுவத்தில் ஒன்றரை மடிப்பாவது அவருக்குக் குறையும், அல்லது முந்தி குட்டையாக நிற்கும். கரை எங்கே விழும், முந்தியின் வேலைப்பாடு எந்த இடத்தில் தொடங்கும் என்பதெல்லாம் மாறும். 42 அங்குலப் பெண்ணுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இதுதான். படம் அதை மறைக்கிறது.

இதே ஊரில் கொலுசு செய்கிறவர்கள் வேறு வழியில் போகிறார்கள். கொலுசு அங்குலக் கணக்கில் பல நீளங்களில் வருகிறது. இறுக்கமாக இருந்தால் கண்ணி சேர்த்துத் தருவார்கள், தளர்ந்தால் எடுத்துவிடுவார்கள். கணுக்காலைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று செவ்வாய்ப்பேட்டையில் எந்தப் பட்டறைக்காரரும் சொன்னதில்லை.

நம் மரபில் இலட்சிய உடல் என்ற எண்ணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களில் நிற்கும் பெண் உருவங்களின் இடையைப் பார்த்தாலே போதும். ஆனால் அந்தச் சிற்பி தன் கல்லைப் போல் ஆனால்தான் கூலி என்று யாரிடமும் சொல்லவில்லை.

உடம்புக்குள் நடப்பது

பிஎம்ஐ எனப்படும் உடல்நிறைக் குறியீடு பற்றித் தெரியாமல், மாடல்களின் மெலிவைப் பற்றிச் சில நாடுகளில் வந்த சட்டங்களைப் புரிந்துகொள்ள முடியாது. மீட்டரில் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, வரும் எண்ணால் கிலோவில் எடையை வகுத்தால் கிடைப்பது அது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 53.5 கிலோ இருந்தால் குறியீடு 18.5. உலக சுகாதார நிறுவனம் இதற்குக் கீழே இருப்பதைக் குறை எடை என்றும், 16க்குக் கீழே கடுமையான மெலிவு என்றும் வகுத்திருக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கணிதர் அடோல்ஃப் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகையை ஆராய உருவாக்கிய சூத்திரம் இது. தனி மனிதரின் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை இது சொல்லாது. இயல்பிலேயே 17.8 இருந்து நன்றாக உண்டு உறங்கி நடமாடுபவர் உண்டு. 20 இருந்தும் வாந்தி எடுத்தே அதைக் காப்பாற்றி வருபவரும் உண்டு.

இந்தக் குறியீட்டுக்கு 1972இல் இன்றைய பெயரை வைத்தவர் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ். பசி மனிதனை என்ன செய்கிறது என்பதை நமக்குக் காட்டியவரும் அவரேதான். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஐரோப்பாவில் பட்டினியால் வாடுவோரை எப்படி மீட்பது என்று அறிவதற்காக, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை வைத்து அவர் ஓர் ஆய்வு நடத்தினார். ஆயுதம் ஏந்த மறுத்து, தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் திடமாக இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்குத் தேவையில் ஏறக்குறைய பாதி உணவே தரப்பட்டது. எடையில் கால் பங்கு போனது. நாடித் துடிப்பு தாழ்ந்தது, கோடையிலும் குளிர்ந்தது. அதைவிட முக்கியமானது மனத்தில் நடந்தது. உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போனது. சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தட்டில் இருந்ததை மணிக்கணக்கில் துளித்துளியாக உண்டார்கள். நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், சட்டென்று சினந்தார்கள். மறுபடி உணவு கிடைத்த பிறகும் பலருக்குப் பழைய நிலை திரும்ப மாதக்கணக்கானது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டினி கிடக்கும் பெண்ணைப் பார்த்துப் பிடிவாதக்காரி, அழகுப் பித்துப் பிடித்தவள் என்று வீட்டில் சொல்கிறோம். அழகைப் பற்றிய எண்ணமே இல்லாத 36 ஆண்களுக்கும் அதே பிடிவாதமும் அதே பித்தும் வந்தன. பசி மூளையை மாற்றுகிறது. அவளைத் திட்டித் திருத்த முடியாது.

நீண்ட நாள் குறைவாக உண்பதால் நேரும் உடல் கேடுகளில் முக்கியமானவை:

1. மாதவிடாய் நின்றுபோகும். கருவைத் தாங்க வலு இல்லை என்று உடல் அந்த வேலையை நிறுத்திவைக்கிறது. மாடலிங்கில் இருக்கும் சில பெண்கள் இதை வசதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அபாய மணி.
2. எலும்பு தேயும். முப்பது வயதுக்குள் சேர்த்த எலும்பு வலுதான் பிற்காலத்துக்கான முதல். இருபதில் இழந்ததை முழுமையாக மீட்பது அரிது.
3. இதயம் தடுமாறும். வாந்தி எடுப்பதாலும் பேதி மாத்திரையாலும் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அப்போது துடிப்பு தாளம் தவறி நின்றுவிடக்கூடும்.
4. அடிக்கடி வாந்தி எடுப்பவரின் பல் எனாமல் அமிலத்தில் கரையும். இதைப் பல் மருத்துவர் முதலில் கண்டுபிடிப்பதும் உண்டு.

ஆண்களுக்கும் இதில் விலக்கு இல்லை. தசைக்கோடு தெரிய வேண்டும் என்று படப்பிடிப்புக்கு முந்தைய நாள் தண்ணீரை நிறுத்துவதும், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும்.

நம் மாநிலத்துக்கென்று ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அதே வயதினரில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எடை கூடுதலாக இருக்கும் பெண்ணே இரத்தம் குறைந்தவளாகவும் இருக்கலாம். யாரென்று பார்க்காமல், இரத்தப் பரிசோதனை செய்யாமல், எடையைக் குறை என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

சட்டங்கள் வந்த வழி

2006 ஆகஸ்டில் உருகுவே நாட்டு மாடல் லூயிசெல் ராமோஸ், மேடையில் நடந்துவிட்டு இறங்கிய சிறிது நேரத்தில் இதயம் நின்று இறந்தார். வயது 22. அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டன் 21 வயதில் இறந்தார். இறக்கும்போது எடை 40 கிலோ அளவில் இருந்தது. 2007 பிப்ரவரியில் லூயிசெலின் தங்கையும் மாடலுமான எலியானா 18 வயதில் இறந்தார். ஆறு மாத இடைவெளியில் ஒரு வீட்டில் இரண்டு பெண்கள்.

2006 செப்டம்பரிலேயே மாட்ரிட் ஆடைக் காட்சி, குறியீடு 18க்குக் கீழ் உள்ளவர்களை மேடையேற்ற மறுத்தது. இஸ்ரேல் 2012இல் சட்டம் இயற்றி 2013 தொடக்கத்தில் நடைமுறைப்படுத்தியது. அங்கே குறியீடு 18.5க்குக் குறையக் கூடாது. மருத்துவச் சான்றிதழ் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். படத்தைக் கணினியில் மெலிய வைத்திருந்தால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும். பிரான்ஸ் 2017இல் மருத்துவச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. அங்கே ஒரே எண்ணை எல்லோருக்கும் கட்டவில்லை. குறியீட்டையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மீறும் நிறுவனத்தாருக்கு 75,000 யூரோ வரை அபராதமும் ஆறு மாதச் சிறையும் உண்டு. அதே ஆண்டு எல்விஎம்எச், கெரிங் என்ற இரு பெரும் ஆடைக் குழுமங்கள், பிரெஞ்சு ஆடை அளவில் மிகச் சிறியதான 32 ஆக இருக்கும் பெண்களை அமர்த்துவதில்லை என்றும், வயது வந்தோர் ஆடைகளுக்கு 16 வயதுக்குக் குறைந்தவரை நிறுத்துவதில்லை என்றும் அறிவித்தன.

இவற்றில் இஸ்ரேலின் வழி எளிது, ஆனால் முரடானது. இயல்பிலேயே மெலிந்தவர் வேலை இழப்பார். எடை பார்க்கும் முன் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பவர் தப்பிவிடுவார். பிரான்சின் வழி நியாயமானது, ஆனால் சான்றிதழ் இரண்டு ஆண்டு வரை செல்லும். இரண்டு ஆண்டில் ஓர் உடல் எங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

பிரிட்டனில் சான்றிதழ் ஏன் காப்பாற்றவில்லை

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் காப்பது உழைக்கும் பெண்ணை. விளம்பர ஆணையம் காக்க நினைத்தது படத்தைப் பார்க்கும் பெண்ணை. இரண்டும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு ஆபத்துகள்.

அந்தத் தீர்ப்பில் குறை சொல்லப்பட்டதெல்லாம் படம் செய்யப்பட்ட விதம். ஒரு படத்தில் விழுந்த நிழல் கால்களை மேலும் மெலிய வைத்தது, இழுத்துக் கட்டிய கொண்டை முகத்தை ஒட்டிப்போனதாகக் காட்டியது. இன்னொன்றில் நின்ற நிலையும் சட்டையின் கழுத்தும் காறை எலும்பின் மேல் கண்ணை நிறுத்தின. ஸாராவின் நான்கு படங்கள் விசாரிக்கப்பட்டு, இரண்டு மட்டுமே தடைபட்டன. அதே ஆண்டில் நெக்ஸ்ட், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனங்களின் படங்களும் இப்படியே தடைபட்டன. முதலாவதில் கேமராக் கோணம், இரண்டாவதில் பெரிய கூர்முனைக் காலணிகள் கால்களை மெலிவாகக் காட்டின என்று ஆணையம் எழுதியது. எந்தத் தீர்ப்பும் அந்தப் பெண்ணை நோயாளி என்று சொல்லவில்லை. ஆகவே ஒல்லியாகப் பிறந்தவர்கள் இதில் வருந்த ஒன்றும் இல்லை. மெலிவை நாடகமாக்கிய ஒளியும் கோணமும்தான் கூண்டில் நின்றன.

இந்தியாவில் என்ன இருக்கிறது

மாடல்களின் எடைக்கோ மருத்துவச் சான்றிதழுக்கோ இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்கள், தங்கள் உடலைப் பற்றித் தாழ்வான எண்ணத்தைக் குழந்தைகளிடம் வளர்க்கும் விளம்பரங்களைத் தடை செய்கின்றன. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளம்பரத்தில் நடிக்க 2017இல் வந்த விதிகள் உண்டு: மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். தீபாவளி விளம்பரத்துக்குப் பட்டுப்பாவாடையில் நிற்கும் சிறுமிக்கும் இது பொருந்தும். பெற்றோர் பலருக்கு இது தெரியாது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எடைக்கு முன்பே நிறம் தடுத்துவிடுகிறது. விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இலேயே, கறுத்த தோல் உடையவர்களைத் தாழ்ந்தவர்களாகவோ தோற்றவர்களாகவோ காட்டக் கூடாது என்று விதித்தது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரில் இருந்த ஃபேரை விட்டது. பலகைகளில் உள்ள முகங்கள் அவ்வளவு வேகமாக மாறவில்லை. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகு மாமை, மாந்தளிரின் நிறம். வெளிறிப்போவதற்குப் பசலை என்று பெயர். அது பிரிவால் வந்த நோய். மாம்பழத்துக்குப் பேர்போன சேலத்தில் அந்தத் தளிர் நிறம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது மாறிக்கொண்டிருப்பவை

எல்லா உடல்களுக்கும் இடம் தருவதாகச் சில ஆண்டுகள் எழுந்த பேச்சு அடங்கிவருகிறது. 2025 தொடக்கத்தில் நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் மேடைகளில் காட்டப்பட்ட இலையுதிர், குளிர்கால ஆடைகளை ஆடைத் தொழில் இதழான வோக் பிசினஸ் எண்ணிப் பார்த்தது. 97.7 சதவீதம் மிகச் சிறிய அளவுகளில் இருந்தன. பெரிய அளவுகளில் 0.3 சதவீதம் மட்டுமே. நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் உரிய எடை குறைப்பு ஊசிகள் புழக்கத்துக்கு வந்திருப்பதும் இதோடு சேர்த்துப் பேசப்படுகிறது. 2025இல் அவை இந்தியச் சந்தையிலும் எடைக் குறைப்புக்கென்றே வந்துவிட்டன. மருத்துவர் கண்காணிப்பில் நோயாளிக்கு உதவும் மருந்து அது. படப்பிடிப்புக்காகவோ ஏற்காட்டுத் திருமணப் படத்துக்காகவோ எடுத்துக்கொள்ள அல்ல.

அடுத்தது கணினி செய்யும் மாடல். 2023இல் லீவைஸ் நிறுவனம், செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் மாடல்களைச் சோதித்துப் பார்க்கப்போவதாக அறிவித்தது. இன்று ஒரு கைபேசிச் செயலி, மேசையில் விரித்த சேலையை இல்லாத பெண்ணுக்கு உடுத்திவிடும். அதற்குப் பசிக்காது, வயது ஏறாது. அது கற்றுக்கொண்டதோ பழைய படங்களிலிருந்து. ஆகவே 24 அங்குல இடுப்பு இனி ஒரு பெண்ணின் உடம்புகூடத் தேவைப்படாமல் பெருகும். உண்மையான மாடலின் உருவத்தைக் கணினியில் நகலெடுத்துப் பயன்படுத்த, அவரிடம் தனியாக எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த நியூயார்க் மாநிலச் சட்டம். இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லாததால், கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பாதுகாப்பு.

கையெழுத்துக்கு முன்

1. எந்த வகை மாடலிங் என்று கேளுங்கள். கேட்லாக்கோ விளம்பரமோ என்றால் ராம்ப் அளவைக் கேட்பதற்குக் காரணம் என்ன என்றும் கேளுங்கள்.
2. எடை, அளவு பற்றி நிபந்தனை இருந்தால் அது எழுத்தில் இருக்கட்டும். வாய்மொழியாகச் சொல்லப்படும் "இன்னும் இரண்டு கிலோ" வேலைக்குப் பிறகும் நிற்பதில்லை.
3. படத்தை எங்கே, எத்தனை ஆண்டு பயன்படுத்துவார்கள், கணினியில் உடலை மாற்றுவார்களா, முகத்தை வேறு உடலில் ஒட்டுவார்களா என்பதைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.
4. பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ எனப்படும் படத் தொகுப்புக்கான கட்டணம் என்று முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். வேலை வாங்கித் தந்து அதில் பங்கு எடுப்பதே நிறுவனத்தின் முறையான வருமானம்.

சேலை விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரவிக்கையை 34, 36, 38, 40 என்று நான்கு அளவில் தைத்து வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் படப்பிடிப்புச் செலவில் சிறு பங்கு. ஒரே சேலையை இரண்டு உடல்களில் காட்டினால், கொசுவம் போதவில்லை என்று திரும்பி வரும் பார்சல்கள் குறையும்.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை: சேர்ந்து உண்ணாமல் நழுவுவது, உண்டதும் குளியலறைக்குப் போவது, மூன்று மாதமாக மாதவிடாய் வராதது, முடி கொட்டுவது, வெயிலிலும் குளிர்கிறது என்பது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பொது மருத்துவரையும் மனநல மருத்துவரையும் சேர்த்தே பாருங்கள், இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்றும் கேளுங்கள். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.